சிகிச்சை கைகூடவில்லை: அடுத்து என்ன செய்வது என்று எப்படி முடிவெடுப்பது?

கேள்வி: கரூர்த் தோழி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 39 வயது, என் கணவருக்கு 44. திருமணமான சில மாதங்களில் தொடங்கிய "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி, இப்போது கேட்பவர்களுக்கே சலித்துப்போய் நின்றுவிட்டது. மாத்திரை, ஊசி, ஐயுஐ (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது) என்று தொடங்கி, கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் ஐவிஎஃப் (ஆய்வகத்தில் கருவாக்கிக் கருப்பையில் வைப்பது) வரை வந்தோம். கரு வைத்த ஒவ்வொரு முறையும் பீட்டா எச்சிஜி பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்றே முடிவு வந்தது. ஒரே ஒரு முறை அந்த எண் சற்று ஏறி, அடுத்த வாரமே இறங்கிவிட்டது.

கடைசியாகப் போனபோது மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, மீண்டும் கருமுட்டை எடுத்து, இம்முறை பிஆர்பி (என் ரத்தத்திலிருந்தே பிரித்த தட்டணுக்களைச் செலுத்துவது), இன்ட்ராலிபிட் (நரம்பு வழியே ஏற்றும் கொழுப்புக் கரைசல்), கருப்பையின் உட்சவ்வைக் கீறிவிடுதல் ஆகியவற்றையும் சேர்த்துச் செய்வது. மற்றொன்று, என் ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 0.7 என்று குறைவாக இருப்பதால் கொடையாளரின் கருமுட்டையை ஏற்பது. இரண்டுக்கும் தனித்தனியாகக் கட்டண விவரத்தை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு 36 வயதாக இருந்தபோது எடுத்த கருமுட்டையில் உருவான கரு ஒன்று இன்னும் உறைநிலையில் இருக்கிறது. அதற்கான ஆண்டுக் கட்டண ரசீது தவறாமல் வருகிறதே தவிர, அதைப் பற்றி அன்று யாரும் பேச்செடுக்கவில்லை.

வீட்டில் மாமியார், கொழுந்தனாரின் இரண்டாவது பையனைத் தத்து எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். வெளியில் போக வேண்டாம், நம் ரத்தமாகவே இருக்கும் என்பது அவருடைய வாதம். என் கணவரோ "உன் உடம்பு, உன் முடிவு" என்கிறார். கேட்பதற்கு மரியாதையாக இருந்தாலும், அந்த வார்த்தைக்குப் பிறகு முழுச் சுமையும் என் தலையில்தான் இருக்கிறது. நகைகள் வங்கியில் இருக்கின்றன. இன்னொரு முறை என்றால் அவருடைய வருங்கால வைப்பு நிதியைத்தான் தொட வேண்டும்.

நான் ஆறுதல் கேட்கவில்லை. இந்த இடத்தில் நின்றவர்கள் எதை முதலில் பார்த்தீர்கள், எதை வைத்து முடிவெடுத்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில்: ஆய்வகத்தான்

சகோதரி, நான் மருத்துவர் அல்லன். கருவியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன். உங்கள் கேள்வியில் "இன்னொரு முறையா, கொடை முட்டையா" என்ற தேர்வு முன்னால் வந்து நிற்கிறது. அதற்கு முன், இதுவரை நடந்தவற்றில் எது எந்தக் கட்டத்தில் தவறியது என்ற விவரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இருக்காது. ஆய்வகக் குறிப்பைத் தனியாகக் கேட்க வேண்டும்: எத்தனை கருமுட்டைகள் எடுத்தார்கள், அவற்றில் எத்தனை முதிர்ந்தவை, எத்தனை கருவுற்றன, மூன்றாம் நாளில் எத்தனை இருந்தன, ஐந்தாம் நாள், கருப்பையில் ஒட்டத் தயாராகும் பிளாஸ்டோசிஸ்ட் நிலைக்கு எத்தனை வந்தன, அவற்றின் தரக் குறியீடு என்ன, கரு வைத்த நாளில் உட்சவ்வின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்பவையெல்லாம் அதில் இருக்கும். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிமுறைகளின்படி, நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். வாய்ப்பேச்சாகக் கேட்காமல், ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இந்த எண்களைப் படிப்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. முட்டைகள் நிறையக் கிடைத்தும் முதிர்ந்தவை குறைவு என்றால், ஊசி மருந்தின் அளவையும் நேரத்தையும் பற்றிப் பேச வேண்டும். கருவுற்றவை மூன்றாம் நாளுக்குப் பிறகு வரிசையாக நின்றுபோயிருந்தால், முட்டையின் வயதையும் விந்தணுவின் தரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெண்ணுக்குப் பத்துப் பரிசோதனை எழுதிவிட்டு ஆணுக்கு ஒரே ஒரு விந்துப் பரிசோதனையோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. நல்ல பிளாஸ்டோசிஸ்ட்டுகளை வைத்தும் ஒட்டவில்லை என்றால் இரண்டு காரணங்கள் முதலில் நினைவுக்கு வர வேண்டும். ஒன்று, கருவின் குரோமோசோம் எண்ணிக்கையே பிசகியிருக்கலாம். பெண்ணுக்கு 40 வயதாகும்போது அவருடைய கருமுட்டையில் உருவாகும் கருக்களில் பாதிக்கும் மேற்பட்டவை அப்படித்தான் இருக்கும். மற்றொன்று, கருப்பையிலோ குழாயிலோ இருக்கும், கண்ணுக்குத் தெரியக்கூடிய ஒரு கோளாறு. உட்சவ்வில் ஒட்டுத் தழும்பு, பாலிப், தடுப்புச் சுவர் ஆகியவற்றை, கருப்பைக்குள் சிறு கேமராவை விட்டுப் பார்க்கும் ஹிஸ்டிரோஸ்கோப்பி காட்டிவிடும். கருக்குழாயில் நீர் கோத்திருந்தால் அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து, ஐவிஎஃப் வெற்றி வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும். நம் நாட்டில் பிறப்புறுப்புக் காசநோயையும் விட்டுவிடக் கூடாது. காய்ச்சலோ இருமலோ இல்லாமல் அது உட்சவ்வைக் கெடுத்துவிட்டிருக்கும். தைராய்டு, ரத்தம் உறையும் தன்மை, கணவன் மனைவி இருவரின் குரோமோசோம் பரிசோதனை ஆகியவை ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கலாம். இல்லையென்றால் அவற்றையும் கேளுங்கள்.

கூடுதல் சிகிச்சைகள் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டவற்றில், உட்சவ்வைக் கீறிவிடுவதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். 1,364 பெண்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளிவந்த ஆய்வில், கீறிய குழுவிலும் கீறாத குழுவிலும் குழந்தை பிறந்தவர்களின் விகிதம் ஒன்றேதான்: 26.1 சதவீதம். மற்றவற்றுக்கு, "என் நிலையில் இதனால் எவ்வளவு பயன் என்று எந்த ஆய்வு சொல்கிறது?" என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். பணம் கொடுப்பவர் நீங்கள்.

இனி அந்த உறைகருவுக்கு வருகிறேன். அதைப் பேசாமல் விட்டது எனக்கு வியப்பாக இருக்கிறது. உறைகரு உங்களோடு சேர்ந்து மூப்படைவதில்லை. அது இன்றும் உங்கள் 36 வயது முட்டையில் உருவான கருதான். இப்போது புதிதாக எடுக்கப்போகும் முட்டையைவிட அதற்கு வாய்ப்பு அதிகம் என்பதோடு, ஊசிகளின் வலியும் செலவும் மிகக் குறைவு. 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப உதவிச் சட்டம் பத்து ஆண்டுகள் வரை சேமித்து வைக்க இடம் தருகிறது. ஆகவே பதற்றப்படத் தேவையில்லை. முதலில் கருப்பையையும் குழாயையும் சரிபார்த்துவிட்டு அந்த ஒன்றை வைத்துப் பார்ப்பதும், புதிய முட்டை எடுப்பதைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு தள்ளிப்போடுவதும்தான் ஆய்வகக் கண்ணுக்குச் சரியான வரிசை.

ஏஎம்எச் பற்றியும் ஒரு சொல். அது முட்டைகளின் இருப்பைக் காட்டும் எண்ணே தவிர, தரத்தைக் காட்டாது. 0.7 என்ற ஒரே காரணத்துக்காகக் கொடை முட்டை என்று சொன்னால், இரண்டாவது மருத்துவர் ஒருவரிடம் கோப்பைக் காட்டாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.


பதில்: வைகைக்கரை

தங்கைக்கு வணக்கம். நானும் என் மனைவியும் இதே சந்திப்பில் நின்று, தத்தெடுக்கும் பக்கம் திரும்பியவர்கள். ஆய்வகத்தான் அவர்கள் பதற்றப்படத் தேவையில்லை என்கிறார். கருவைப் பொறுத்தவரை அது சரியாக இருக்கலாம். தத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு நாள் குறைவு.

நாட்டில் தத்தெடுப்பை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசின் காரா அமைப்பின் விதிப்படி, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தத்தெடுக்க விரும்பும் தம்பதியின் வயதுகளைக் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. உங்கள் இருவரின் வயதும் சேர்ந்து இப்போது 83. அடுத்த ஆண்டு 85ஐத் தொட்டுவிடும், அதற்கடுத்த ஆண்டு அந்த வரிசை உங்களுக்கு இல்லை. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைக்கு 90, நான்கு முதல் எட்டு வரை 100. பதிவு செய்யும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு என்பதால், இணையத்தில் பதிவு செய்துவைப்பது இப்போதைக்கு அறிவுடைமை. பதிவு செய்தவுடன் யாரும் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட மாட்டார்கள். காத்திருப்போர் பல ஆயிரம் பேர். 2024-25இல் நாடு முழுவதும் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் 4,515 பேர்தாம், அதுவே அண்மை ஆண்டுகளில் அதிகம். கைக்குழந்தைக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்பது சாதாரணம்.

ஆனால் சிகிச்சை ஒருபுறம், வீட்டு ஆய்வு ஒருபுறம் என்று இரண்டு படகில் கால் வைத்தபடி சமூகப் பணியாளர் முன்னால் உட்காராதீர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த அம்மையார் சமையலறை, குளியலறை, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, காபி குடித்துக்கொண்டே மிக இயல்பாகக் கேட்டார்: "நாளைக்கே உங்களுக்குக் குழந்தை உண்டானால் இந்தக் குழந்தையை எங்கே வைப்பீர்கள்?" என் மனைவி பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தையும் அவர் குறித்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன். குழந்தையின் விவரம் கணினியில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் ஏற்கிறோமா என்று சொல்லிவிட வேண்டும். துக்கம் ஆறாத மனத்தோடு அந்த 48 மணி நேரத்தைக் கடப்பது கடினம்.

உங்கள் மாமியார் சொல்வதைப் பற்றி ஒன்று கேட்கிறேன். உங்கள் ஓரகத்தியிடம் யாராவது பேசினார்களா? பையனின் தாயின் சம்மதம் இல்லாமல் 1956ஆம் ஆண்டு இந்து தத்துச் சட்டத்தில் எதுவும் செல்லாது. பெரியவர்கள் கூடத்தில் பேசி முடித்து, பெற்றவளைக் கடைசியில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கும் வழக்கம் எனக்குத் தெரிந்த குடும்பங்களில் நடந்திருக்கிறது. சட்டப்படி எடுத்த தத்தைப் பிறகு ரத்து செய்ய முடியாது. ஆனால் ஒரே வாசலில் இரண்டு அம்மாக்களுக்கு நடுவே அந்தப் பையன் வளர வேண்டியிருக்கும். பொங்கலுக்குத் துணி எடுப்பதிலிருந்து பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பது வரை ஒவ்வொன்றிலும் "பெத்தவ நான்" என்ற சொல் சொல்லப்படாமலே நிற்கும். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஓரகத்தியோடு தனியாக உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள் என்கிறேன்.

"எங்களுக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தர் இருக்கிறார்" என்று யாராவது வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2019இல் ராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனை வழக்கை நம் பக்கத்தில் எல்லோரும் அறிவார்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். அதைவிட, வளர்த்த குழந்தையை நான்கு ஆண்டுகள் கழித்துக் காவல்துறை வந்து கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும்.


பதில்: நீலா

எனக்குக் கொடை முட்டையின் வழியே பிறந்த மகள் இருக்கிறாள், ஆகவே அந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். ஆய்வகத்தான் ஐயா சொல்வதுபோல அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லைதான். ஆனால் 40ஐத் தாண்டிய பிறகு சொந்த முட்டையில் மீண்டும் மீண்டும் முயல்வதைவிட அது வாய்ப்பு கூடிய வழி என்பதை மறைக்க வேண்டியதும் இல்லை. தற்போதைய சட்டப்படி கொடையாளர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆகவே உங்களுக்கு எத்தனை முட்டைகள் கிடைக்கும், அவற்றில் ஒன்றும் கருவாகாவிட்டால் கட்டணம் என்ன ஆகும் என்பதைக் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறக்கும் குழந்தை எல்லா வகையிலும் சட்டப்படி உங்கள் குழந்தை. கொடையாளருக்கு எந்த உரிமையும் இல்லை.

வாடகைத் தாய் என்றும் யாராவது யோசனை சொல்வார்கள். பலமுறை ஐவிஎஃப் தோற்றவர்களுக்குச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் கோளாறு கருவில் இருந்தால் வேறொருவர் வயிற்றில் வைத்தாலும் அது மாறப்போவதில்லை.

மகளிடம் எப்போது சொல்வது என்று நானும் கணவரும் முட்டையை ஏற்கும் முன்பே பேசி வைத்துக்கொண்டோம். அதைப் பேச முடியாத வீடு என்றால் இந்த வழி வேண்டாம் என்பது என் துணிவான கருத்து.


பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியை

மகளே, இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் குழந்தையைப் பெறுவதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நிறுத்திவிடுவதும் ஒரு முடிவுதான் என்பதைச் சொல்ல நான் ஒருத்தியாவது இருக்க வேண்டும் அல்லவா? நானும் என் கணவரும் சிகிச்சையை நிறுத்தினோம், தத்தும் எடுக்கவில்லை. எனக்கு இப்போது 61 வயது.

நாங்கள் நிறுத்தியது ஒரு தோல்வி வந்த நாளில் அல்ல. அடுத்த சுற்று தொடங்கும் முன்பே, இதற்குமேல் கடன் வாங்குவதில்லை, என் வேலையை விடுவதில்லை என்று இரண்டு எல்லைகளைத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். எல்லையை அவரும் சேர்ந்து வகுத்ததால், "உன் முடிவு" என்று என்மேல் போட அவருக்கு இடமில்லாமல் போயிற்று. உங்கள் கணவரிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் அவர் மறுபடியும் "உன் விருப்பம்" என்றே சொல்வார். "எத்தனை லட்சத்தோடு நிறுத்தலாம், எந்த மாதத்தோடு நிறுத்தலாம்?" என்று கேளுங்கள். எண்ணைக் கேட்டால் ஆண்கள் பதில் சொல்லிவிடுவார்கள்.

பிறகு துக்கம் இருக்கும். ஒரு சாவு விழுந்தால் ஊரே வந்து உட்காரும், பதினாறாம் நாள் காரியம் என்று ஒரு முடிவும் உண்டு. இதற்கு வாசலில் பந்தலும் இல்லை, விசாரிக்க ஆளும் இல்லை. வளைகாப்புக்கு அழைத்தவர்களிடம் "வர இயலவில்லை" என்று இரண்டு ஆண்டுகள் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. அழைத்தவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டார்களா என்றால், சிலர் எடுத்துக்கொண்டார்கள்.

நிறுத்துபவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதைப் பலரும் சொல்வதில்லை: உயில் எழுதுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, பிள்ளையில்லாத ஒரு பெண் கணவருக்குப் பின் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய வீடுகூட முதலில் கணவரின் வாரிசுகளுக்குத்தான் போகும், அவளைப் பெற்ற தாய் தந்தைக்கு அதற்குப் பிறகுதான். என் சம்பாத்தியம் என் தங்கை மகளுக்குப் போக வேண்டும் என்று நான் பதிவாளர் அலுவலகத்தில் எழுதிவைத்துவிட்டேன்.


கரூர்த் தோழி (கேள்வி கேட்டவர்)

எழுதிய அனைவருக்கும் நன்றி. மருத்துவமனையில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். முதலில் "பெரிய டாக்டர் வரட்டும்" என்றார்கள். 72 மணி நேர விதியைச் சொன்னதும் கோப்பின் நகல் வந்துவிட்டது. ஆசிரியை அம்மா சொன்னபடி கணவரிடம் தொகையைக் கேட்டேன். "பிஎஃப் பணத்தைத் தொட வேண்டாம்" என்று உடனே சொல்லிவிட்டார். இத்தனை நாள் அவர் மனதில் இருந்தது அதுதான் போலும். ஓரகத்தியிடம் பேசினேன். அவளிடம் யாருமே கேட்கவில்லை என்று அழுதாள். அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் சேர்ந்தே மாமியாரிடம் முடித்துவிட்டோம். தத்துப் பதிவை என் கணவருடைய பிறந்தநாளுக்கு முன்பாகச் செய்வதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆய்வகத்தான் ஐயாவிடம் ஒரு கேள்வி. உறைகருவின் தரம் 4பிபி என்று இருக்கிறது. அது மோசமா? மேலும், கோப்பின் அடியில் கிடந்த பழைய எச்எஸ்ஜி (கருக்குழாய் எக்ஸ்ரே) அறிக்கையில் "இடது குழாயின் முனையில் விரிவு, நீர்க்கோப்பு இருக்கலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. இதை எங்களிடம் யாரும் சொன்னதாக நினைவில்லை.


ஆய்வகத்தான்

4பிபி மோசமில்லை, அந்தத் தரத்தில் வைத்த கருக்கள் குழந்தையாகப் பிறந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். தரக் குறியீடு தோற்றத்தைத்தான் சொல்லும், குரோமோசோமைச் சொல்லாது.

அந்த ஒரு வரிதான் இப்போது முக்கியம். அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு, லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்த்துச் செய்யும் அறுவை சிகிச்சை) செய்யும் வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். முதலில் ஸ்கேனில் குழாயில் நீர் தெரிகிறதா என்று பார்ப்பார். சிறிய நீர்க்கோப்பு ஸ்கேனில் தப்பிவிடுவதும் உண்டு என்பதால், அதில் தெரியவில்லை என்றதும் விட்டுவிடாமல் லேப்ராஸ்கோப்பி தேவையா என்று கேளுங்கள். நீர்க்கோப்பு உறுதியானால், குழாயை எடுத்துவிடுவார்கள் அல்லது கருப்பையை ஒட்டிய இடத்தில் கிளிப் போட்டு அடைத்துவிடுவார்கள். அதே மயக்கத்தில் ஹிஸ்டிரோஸ்கோப்பியையும் முடித்து, உட்சவ்விலிருந்து துணுக்கு எடுத்துக் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கரு ஏற்கெனவே உறைநிலையில் இருப்பதால், அறுவை சிகிச்சை முட்டைப்பையைப் பாதிக்குமோ என்ற கவலை இப்போதைக்குக் குறுக்கே வராது. இவை முடியும் வரை அந்தக் கருவை வைக்கச் சம்மதிக்க வேண்டாம். சேமிப்புக் கட்டணத்தை மட்டும் கட்டி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.